லாகினுக்கு முன்னால் உறையும் ரிமோட் டெஸ்க்டாப்: எந்த வரியில் நின்றது என்று பார்த்துப் பிடிப்பது எப்படி

"ரிமோட் தொங்குதுண்ணே" என்று, தொலைவிலுள்ள சர்வரின் திரையை நம் கணினியில் காட்டும் ரிமோட் டெஸ்க்டாப் பற்றிப் போன் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "திரையில என்ன எழுதியிருக்கு?" என்பதுதான். "ஒண்ணும் இல்லண்ணே, அப்படியே நிக்குது" என்பதுதான் பதிலாக இருக்கும். அப்படியே நிற்பதில் ஐந்தாறு வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்வதுதான் நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியாகும். ஆனால் மாத இறுதி வாட் கணக்கில் உட்கார்ந்திருக்கும் மற்ற பத்துப் பேரின் வேலையும் போகும், எதனால் நின்றது என்பதும் தெரியாமல் போகும். அடுத்த வாரம் மறுபடி அதே போன் வரும்.

எபென் சைபர்சிட்டியில் உட்கார்ந்து பிரான்ஸ் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள், பெல் மார் கடற்கரை ஹோட்டலில் இருந்தபடி போர்ட் லூயி தலைமை அலுவலக சர்வரில் பில் போடுகிறவர்கள், புயல் எச்சரிக்கை வகுப்பு 3 வந்ததும் வீட்டுக்குப் போய் அங்கிருந்து வேலையைத் தொடர்கிறவர்கள் என்று மொரிஷியஸில் இந்த இணைப்பை நம்பிப் பிழைப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு உதவும் அட்மின்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சர்வர் விண்டோஸாக இருந்தால் முறை எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

கிளையன்ட் திரையில் வரும் வரிகளின் வரிசை இது: இனிஷியேட்டிங், செக்யூரிங், கன்ஃபிகரிங், எஸ்டிமேட்டிங் கனெக்‌ஷன் குவாலிட்டி. பிறகு சர்வரின் வரவேற்புத் திரை, கடைசியில் டெஸ்க்டாப். எந்த வரியில் நின்றது என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வாய்மொழியை நம்பாதீர்கள்.

அதோடு சர்வரின் ஈவன்ட் வியூவரில் (நடந்ததை எல்லாம் விண்டோஸ் எண் போட்டுப் பதியும் இடம்) சில எண்களைப் பார்க்க வேண்டும். ஆர்டிபி-கோர்டிஎஸ் பதிவில் 131 இருந்தால், உங்கள் டிசிபி இணைப்பு (கிளையன்டும் சர்வரும் பேசத் திறக்கும் வழி) சர்வருக்கு வந்து சேர்ந்துவிட்டது. ரிமோட்-கனெக்‌ஷன்-மேனேஜர் பதிவில் 1149 இருந்தால், யூசர் பெயரும் பாஸ்வேர்டும் தாண்டியாயிற்று. லோக்கல்-செஷன்-மேனேஜர் பதிவில் 41 என்பது செஷன் ஒதுக்கும் வேலை தொடங்கியதைக் காட்டும், 42 முடிந்ததைக் காட்டும், 21 லாகின் ஆனதை, 22 டெஸ்க்டாப் ஷெல் கிளம்பியதைக் காட்டும். இவற்றில் கடைசியாகப் பதிவான எண் எதுவோ, அதற்கு அடுத்த படியில்தான் கோளாறு. இங்கே பாதி சர்வர்களில் விண்டோஸ் பிரெஞ்சில் இருக்கும். செய்தி வேறு மொழியில் இருந்தாலும் எண் மாறாது என்பது இன்னொரு வசதி.

உள்ளே போக முடியாதபோது பதிவை எப்படிப் பார்ப்பது? அதே நெட்வொர்க்கில் உள்ள வேறொரு மெஷினில் ஈவன்ட் வியூவரைத் திறந்து, 'வேறு கணினியுடன் இணை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான ஃபயர்வால் விதியை முன்கூட்டியே திறந்து வைத்திருக்க வேண்டும். சர்வர் விர்ச்சுவல் மெஷின் என்றால் ஹைப்பர்-வி அல்லது விஎம்வேர் கன்சோல் (சர்வரின் நேரடித் திரை) போதும்.

'இனிஷியேட்டிங்' வரியிலேயே நிற்கிறது, 131 பதிவாகவில்லை

பாக்கெட் சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்கு சர்வர் பெயரையும் 3389 போர்ட்டையும் கொடுங்கள். பிறகு பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியைக் கொடுத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். ஐபிக்குப் போய், பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும் சேவை) கோளாறு. வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வருகிறவர்களிடம் இது அதிகம். ஆபீஸ் பெயரை வீட்டு ரௌட்டரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டுக்குமே போகவில்லை, ஆனால் சர்வர் ஓடுகிறது என்றால் ஃபயர்வால் பக்கம் பாருங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு தொடங்கிய தொல்லையா என்று கேட்பது இங்கே மிக முக்கியம். கரன்ட் வந்ததும் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் எழும். ஆபீஸ் லாகின்களைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் தயாராவதற்கு முன்பே மற்ற சர்வர் எழுந்துவிட்டால், தான் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. பாதுகாப்புக்காக 'பப்ளிக்' என்று முடிவு செய்துகொள்ளும். டொமைன் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்து வைத்த ரிமோட் டெஸ்க்டாப் விதி அப்போது வேலை செய்யாது. கன்சோலில் கெட்-நெட்கனெக்‌ஷன்புரொஃபைல் ஓட்டினால் உண்மை தெரியும். பப்ளிக் என்று காட்டினால் நெட்வொர்க் கார்டை ஒரு முறை அணைத்துப் போடுங்கள், போதும். நிரந்தரத் தீர்வு என்றால், டொமைன் கன்ட்ரோலர் முதலில், மற்றவை சில நிமிடம் தாமதித்து என்று ஹைப்பர்வைசரில் வரிசை கொடுத்துவிட வேண்டும். நவம்பரில் புயல் பருவம் தொடங்கும் முன் இதைச் செய்து வைத்தால் உங்கள் தூக்கம் கெடாது.

அதே மின்வெட்டின் இன்னொரு விளைவு: மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய மெஷினின் கடிகாரம் பின்னால் போய்விடும். லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். இதற்குப் பெரும்பாலும் பிழைச் செய்தியே வந்துவிடும் என்பதால் நீளமாகச் சொல்லத் தேவையில்லை.

'செக்யூரிங்' வரியில் நிற்கிறது; 131 உண்டு, 1149 இல்லை

ஆட்கள் மணிக்கணக்கில் அலைவது இந்த வகையில்தான். பிங் போகிறது, போர்ட் திறந்திருக்கிறது, ஆனாலும் நிற்கிறது. ஆபீஸில் வேலை செய்யும் அதே லேப்டாப் வீட்டில் மட்டும் நிற்கிறதென்றால் முதல் சந்தேகம் எம்டியூ (பாதையில் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு) மேல் விழ வேண்டும்.

இணைப்பின் தொடக்கத்தில் போகும் பாக்கெட்டுகள் எல்லாம் சிறியவை, சிக்கலில்லாமல் போய்விடும். டிஎல்எஸ் (மறையாக்கம்) கட்டத்தில்தான் முதல் முறையாகப் பெரிய பாக்கெட் வருகிறது. கம்பெனி சான்றிதழ்ச் சங்கிலியாக இருக்கலாம், நிறைய குழுக்களில் உறுப்பினராக இருப்பவரின் கெர்பரோஸ் டிக்கெட்டாக இருக்கலாம். ஈதர்நெட்டின் அளவு 1500 பைட். வீட்டு இணைப்பு பிபிபிஓஇ (பிராட்பேண்டில் லாகின் செய்து இணையும் முறை) வழியாக ஓடினால் 1492 ஆகிறது. அதன் மேல் விபிஎன் ஏறினால் இன்னும் குறையும். மொபைல் டேட்டாவில் நிலைமை வேறு மாதிரி. வழியில் உள்ள ரௌட்டர் "இது பெரிசு, சின்னதாக்கி அனுப்பு" என்று ஐசிஎம்பி (பிங்கும் பிழை அறிவிப்பும் போகும் வகை) செய்தி திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் 'ஐசிஎம்பி ஆபத்து' என்று யாரோ எங்கேயோ மொத்தமாக அடைத்து வைத்திருப்பார்கள். பெரிய பாக்கெட் விழுந்தது அனுப்பியவருக்குத் தெரியாது, அவர் காத்திருப்பார், எதிர்ப்பக்கமும் காத்திருக்கும். நீங்கள் பார்ப்பது அசையாத திரை.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் போர்ட் லூயியை வெள்ளக்காடாக்கியது நினைவிருக்கும். அதுபோன்ற நாட்களில் ஃபைபர் இல்லாமல் போனின் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்ய முயன்றவர்களில் ஒரு பகுதியினர் இந்த வரியில் மாட்டுவது வியப்பே இல்லை. பாதை மாறினால் எம்டியூவும் மாறும்.

சோதனை எளிது. பிங் கட்டளையில் துண்டாக்கத் தடை போடும் எஃப் குறியையும், அளவைச் சொல்லும் எல் குறியையும் சேர்த்து, முதலில் 1472 கொடுங்கள். அதோடு 28 பைட் தலைப்பு சேர்ந்தால் 1500. பதில் இல்லையென்றால் 1464, பிறகு 1400, 1350 என்று இறக்குங்கள். பதில் வரும் மிகப் பெரிய அளவோடு 28 கூட்டினால் உங்கள் பாதையின் எம்டியூ. இந்தச் சோதனை பாதையின் நிலையைத்தான் சொல்லும். போகும் வழியும் வரும் வழியும் வேறாக இருக்கலாம் என்பதால் முடிந்தால் சர்வர் பக்கமிருந்தும் செய்து பாருங்கள். பிங்கே அடைபட்டிருந்தால் அளப்பதை விட்டுவிட்டு, செட்-நெட்ஐபிஇன்டர்ஃபேஸ் கட்டளையால் லேப்டாப்பின் எம்டியூவைத் தற்காலிகமாக 1300 ஆக்கி இணைத்துப் பாருங்கள். சட்டென்று உள்ளே போனால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

பத்து லேப்டாப்பில் போய் எம்டியூ மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. விபிஎன் முனையில் உள்ள ரௌட்டரில் டிசிபி எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்சவரம்பு) 1350 வாக்கில் கட்டுப்படுத்திவிட்டால் எல்லோருக்கும் ஒரே அடியில் தீரும்.

எம்டியூ சரியாக இருந்தும், ஆபீஸுக்கு உள்ளேயிருந்தே எல்லோருக்கும் இந்த வரியில் நின்றால் சர்வரின் சான்றிதழைப் பாருங்கள். விண்டோஸ் தானே செய்துகொள்ளும் ரிமோட் டெஸ்க்டாப் சான்றிதழுக்கு ஆறு மாத ஆயுள், தானே புதுப்பித்துக்கொள்ளும். சிஸ்டம் பதிவில் 1057 இருந்தால் அந்தப் புதுப்பித்தல் தோற்றிருக்கிறது. சர்வரின் சான்றிதழ் மேலாளரில் 'ரிமோட் டெஸ்க்டாப்' என்ற பெட்டிக்குள் இருக்கும் பழையதை நீக்கிவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே இருப்பவர்களின் இணைப்பு அறும், ஆனால் அவர்கள் திறந்து வைத்த வேலை அப்படியே இருக்கும். ஆனாலும் முன்கூட்டிச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. புதியது உருவாகவில்லை என்றால் மெஷின்கீஸ் கோப்புறையின் அனுமதிகளை யாரோ கடினப்படுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் புதிதாகப் போட்ட ஆன்டிவைரஸ் அல்லது யாரோ இறக்கிய 'பாதுகாப்பு ஸ்கிரிப்ட்'.

இந்த இடத்தில் பலர் "என்எல்ஏவை ஆஃப் பண்ணுங்க, சரியாயிடும்" என்று அறிவுரை சொல்வார்கள். என்எல்ஏ என்பது செஷன் திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ஏற்பாடு. உள் நெட்வொர்க்கில், இரண்டு நிமிடச் சோதனையாக மட்டும் செய்து பார்க்கலாம். அப்படியே விட்டுவிடக் கூடாது. 2019 மே மாதம் வெளியான புளூகீப் ஓட்டை, லாகினுக்கு முன்பே சர்வரைக் கைப்பற்ற வழி செய்தது. அப்போது என்எல்ஏ இருந்த பழைய மெஷின்களுக்கு ஓரளவாவது தடுப்பு இருந்தது.

பிரான்ஸ் சர்வர் என்றால் தூரத்தைக் குற்றம் சொல்வதும் வழக்கம். பாரிஸ் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 9,400 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. ஓடும் என்றால், போய் வர 94 மில்லிசெகண்ட் குறைந்தபட்சம். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் ஓடுவதில்லை, ஆகவே உண்மையில் அதைவிட நன்றாகவே கூடும். சேஃப் போன்ற ஒரு கேபிள் அறுந்து போக்குவரத்து வேறு வழியில் திரும்பினால் இன்னும் கூடும். ஆனால் தாமதம் மெதுவாக்கும், உறைய வைக்காது. இரண்டு நிமிடம் ஒரே வரியில் நிற்கிறதென்றால் காரணம் தூரம் இல்லை.

'கன்ஃபிகரிங்' அல்லது 'எஸ்டிமேட்டிங்' வரியில் நிற்கிறது, 1149 உண்டு

பாஸ்வேர்டு தாண்டியாயிற்று. இனி சந்தேகப்பட வேண்டியவை யுடிபியும் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் வேகமாக அனுப்பும் வழி), கூடவே இழுத்துவரும் சாமான்களும்.

ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப்பின் நெறிமுறை) 8 முதல், அதாவது விண்டோஸ் 8, சர்வர் 2012 காலத்திலிருந்து, படத்தை அனுப்ப யுடிபியையும் பயன்படுத்துகிறது. யுடிபி முழுதாக அடைபட்டிருந்தால் பிரச்சினை இல்லை, டிசிபிக்கே திரும்பிவிடும். பாதி போய் பாதி விழுவதுதான் தொல்லை. குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் கிளையன்ட் பகுதியில் 'டர்ன் ஆஃப் யுடிபி ஆன் கிளையன்ட்' என்று ஒன்று உண்டு. அதை எனேபிள் செய்து பாருங்கள். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு வந்தபோது கேட்வே (ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல் சர்வர்) வழியாக இணைந்தவர்களுக்கு உறைதல் வந்தது. அப்போது கைகொடுத்த வழியும் இதேதான்.

யுடிபி காரணமில்லை என்றால் 'லோக்கல் ரிசோர்சஸ்' தாவலுக்குப் போய் பிரின்டர், டிரைவ், ஸ்மார்ட் கார்டு, கிளிப்போர்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இணையுங்கள். உள்ளே போனால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு எது மாட்டுகிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் பிரின்டர்தான் முதல் ஆள். ஹோட்டல் ரிசப்ஷனில் எப்போதோ அகற்றிய பிரின்டர்கள் பட்டியலில் ஏழெட்டு இருக்கும், அதில் ஒன்றின் டிரைவர் சர்வரைப் பிடித்து வைத்திருக்கும்.

அப்டேட் போட்ட மறுநாள் தொடங்கியதா என்றும் கேளுங்கள். 2025 பிப்ரவரியின் கேபி5051987 அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் சர்வர் 2025-இல், உள்ளே போன சிறிது நேரத்தில் மவுசும் கீபோர்டும் உறைந்து போயின. பின்னால் வந்த அப்டேட்டில்தான் தீர்ந்தது. அது லாகினுக்குப் பிந்தைய உறைதல் என்றாலும், யூசர் போனில் சொல்லும்போது இரண்டும் ஒரே வாக்கியமாகத்தான் வரும்.

கறுப்புத் திரை, அல்லது 'ப்ளீஸ் வெயிட்' சுற்றிக்கொண்டே இருக்கிறது

முதலில் கன்ட்ரோல்-ஆல்ட்-என்ட் அழுத்துங்கள். ரிமோட்டுக்குள் டெலீட்டுக்குப் பதில் என்ட். பாதுகாப்பு மெனு வந்தால் செஷன் உயிரோடு இருக்கிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை ஓட்டலாம். பதிவில் 21 இருந்து 22 இல்லாத நிலை இது.

மெனுவும் வரவில்லை, 41 பதிவாகி 42 வரவில்லை என்றால் பழைய செஷன் ஒன்று சிக்கியிருக்கிறது. வேறு மெஷினிலிருந்து குவின்ஸ்டா கட்டளையை சர்வர் பெயரோடு ஓட்டினால் செஷன் பட்டியல் வரும். அந்த யூசரின் பெயரில் 'டிஸ்க்' (துண்டிக்கப்பட்ட) நிலையில் இருப்பதையோ, பெயரே இல்லாமல் 'கான்' (இணைந்த) நிலையில் நிற்பதையோ கண்டுபிடித்து, அதன் எண்ணைக் கொடுத்து லாக்ஆஃப் செய்யுங்கள். லாக்ஆஃபும் நின்றால் அந்த எண்ணுக்குரிய வின்லாகான் புராசஸை மட்டும் முடிக்கலாம். எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள், தவறினால் வேறொருவர் வெளியே விழுவார். சிஎஸ்ஆர்எஸ்எஸ் பக்கம் கை வைத்தால் சர்வரே நீலத்திரைக்குப் போகும்.

சர்வர் 2016, 2019 இரண்டிலும் மெல்ல மெல்லக் கூடும் ஒரு நோய் உண்டு. மாதக்கணக்கில் லாகின் நேரம் நீண்டுகொண்டே போய், ஒரு நாள் கறுப்புத் திரையில் வந்து நிற்கும். ஒவ்வொரு யூசர் உள்ளே வரும்போதும் விண்டோஸ் ஆப்களுக்காக ஃபயர்வால் விதிகள் எழுதப்படுகின்றன. யூசர் போன பிறகும் அவை அழிவதில்லை. பலர் வந்துபோகும் ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) சர்வரில் இவை ஆயிரக்கணக்கில் குவியும். ஃபயர்வால் மேலாண்மைத் திரை திறக்கவே நிமிடங்கள் எடுத்தால் சந்தேகமே வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் ஷேர்ட்ஆக்சஸ் சர்வீஸின் ஃபயர்வால்பாலிசி கிளையில் டெலீட்யூசர்ஆப்கன்டெய்னர்ஸ்ஆன்லாக்ஆஃப் என்ற பெயரில் ஒரு டிவேர்டு (எண் வகைப் பதிவு) உருவாக்கி மதிப்பு 1 கொடுங்கள். அது இனிமேல் குவியாமல் தடுக்கும். ஏற்கெனவே குவிந்ததை நாம்தான் சுத்தம் செய்ய வேண்டும். இதைத் தெரியாமல் புது சர்வர் வாங்க கொட்டேஷன் கேட்டவர்கள் உண்டு.

ஒரே ஒரு லேப்டாப்பிலிருந்து மட்டும் கறுப்பாக வருகிறதா? எக்ஸ்பீரியன்ஸ் தாவலில் பிட்மேப் கேஷிங்கை எடுத்துவிட்டு, திரை அளவை மாற்றி இணையுங்கள். எல்லா இடத்திலிருந்தும் ஒரே பிசிக்கு மட்டும் கறுப்பு என்றால், அந்தப் பிசியில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான டபிள்யூடிடிஎம் கிராபிக்ஸ் டிரைவர் பாலிசியை டிசேபிள் செய்து ஒரு ரீஸ்டார்ட். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து வந்த தொல்லை இது. இங்கே ரீஸ்டார்ட்டுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

லினக்ஸில் எக்ஸ்ஆர்டிபி என்றால் அதே யூசர் நேரடித் திரையில் லாகின் செய்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். அங்கே வெளியேறினால் இங்கே திறக்கும்.

பாஸ்வேர்டு கேட்கிறது, போட்டால் ஏற்கவில்லை

இது உறைதலே இல்லை, ஆனாலும் 'தொங்குது' கணக்கில்தான் வரும். பிரெஞ்சு அசெர்ட்டி கீபோர்டும் ஆங்கில குவெர்ட்டி கீபோர்டும் ஒரே ஆபீஸில் கலந்து கிடக்கும் நாடு இது. ஏ இருக்கும் இடத்தில் கியூ, இசட் இருக்கும் இடத்தில் டபிள்யூ. எண்ணுக்கு ஷிப்ட் வேறு பிடிக்க வேண்டும். யூசர் பெயர்ப் பெட்டியில் பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு அழிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் யாரும் இல்லாதபோது. திரும்பத் திரும்பத் தப்பாகத் தட்டி அக்கவுன்ட் பூட்டிக்கொண்டால் டொமைன் கன்ட்ரோலரில் 4740 பதிவாகியிருக்கும்.

ஒரு நேரம் போகிறது, ஒரு நேரம் போகவில்லை

செக்யூரிட்டி பதிவில் 4625 (தோற்றுப்போன லாகின் முயற்சி) மழையாகக் கொட்டுகிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில், அட்மினிஸ்ட்ரேட்டர், டெஸ்ட், ஸ்கேனர் என்று கேள்விப்படாத பெயர்களில் வந்தால், உங்கள் 3389 நேரடியாக இன்டர்நெட்டில் திறந்து கிடக்கிறது. உலகமே கதவைத் தட்டும்போது உங்கள் யூசர் வரிசையில் நிற்கிறார். போர்ட் எண்ணை மாற்றுவது சில நாள் நிம்மதி தரும், அவ்வளவுதான். விபிஎன் அல்லது கேட்வேக்குப் பின்னால் கொண்டு போவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை.

சர்வர் வேறொருவர் கையில் இருக்கும்போது

தைப்பூசக் காவடி அன்று நமக்கு விடுமுறை, பிரான்ஸுக்கு இல்லை. அங்கே இருக்கும் அட்மினிடம் "வேலை செய்யவில்லை" என்று அனுப்பினால் "இங்கே நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். அனுப்ப வேண்டியது: எந்த வரியில் நின்றது என்ற போட்டோ, உங்கள் பப்ளிக் ஐபி, 3389 சோதனையின் முடிவு, பதில் வந்த மிகப் பெரிய பிங் அளவு, முயன்ற நேரம். நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதுங்கள். நாம் நான்கு மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அவர்கள் கோடையில் இரண்டு, குளிர்காலத்தில் ஒன்று. உள்ளூர் நேரத்தை எழுதினால் அவர் தேடுவது தப்பான மணியின் 131-ஆக இருக்கும்.